சத்தம் நிற்கக் கூடாது

எங்கள் வீட்டில் நான் படிக்கிறேனா இல்லையா என்பதைக் காதால்தான் கண்டுபிடிப்பார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. ஆகவே வாயிலிருந்து சத்தம் வந்தால் படிப்பு, வராவிட்டால் ஏமாற்று வேலை என்று இருவரும் சேர்ந்து ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒரு கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்ப்பதும், ஒரு வரியைப் படித்துவிட்டு ‘அப்படியா!’ என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம்.

பத்தாம் வகுப்பில் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போனது. அப்பாவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். நைட் ஷிப்ட் வாரங்களில் பகலெல்லாம் தூங்குவார். மற்ற வீடுகளில் அப்பா தூங்கினால் பிள்ளைகளை வாயை மூடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நேர்மாறு. பெல்ட் ஓடும்வரை நிம்மதி, நின்றுவிட்டால் எங்கோ கோளாறு என்று அவர் உடம்புக்கே பழகிப்போயிருந்தது. நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்க நிறுத்தினால்கூடப் போர்வைக்குள்ளிருந்து குரல் வரும்.

“என்னாம்மா, பெல்ட்டு நின்னுபோச்சா?”

வாசல் பக்கம் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருக்கும் அம்மா உடனே சேர்ந்துகொள்வாள். “சத்தத்தையே காணோம். புக்கைத் தொறந்து வெச்சிக்கினு தூங்கறியா?”

“யோசிக்கிறேம்மா.”

“பரீட்சை முடியட்டும். அப்பால யோசிக்கலாம்.”

பள்ளிக்கூடம் மட்டும் என்ன வாழ்ந்தது? எனக்குப் படிக்கப் பிடிக்கும். இதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள், மார்க் அப்படி. ஒருநாள் சமூக அறிவியல் டீச்சரிடம், “நிலக்கரிக்குக் கீழ என்ன இருக்கு டீச்சர்?” என்று கேட்டேன். நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு கேட்கக்கூடிய நியாயமான கேள்வி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஊரில் பாதிப் பேர் அதைத் தோண்டித்தானே சாப்பிடுகிறோம்.

“ரெண்டு மார்க்லயும் வராது, அஞ்சு மார்க்லயும் வராது. உட்காரு” என்றார்.

பதில் நூலகத்தில் கிடைத்தது. அட்டை கிழிந்த ஒரு தடிப் புத்தகம். பூமிக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொரு அடுக்காக இறங்கிக்கொண்டே போகும். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுதான் எனக்கு மூளை வேலை செய்தது. இவர்களுக்குச் சத்தம்தானே வேண்டும்? மறுநாளிலிருந்து அதைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைக்கிற சிரமம்கூட இல்லை. அம்மா திருப்தியாக உரித்தாள். அப்பா திருப்தியாகத் தூங்கினார். அந்த வருஷத்தில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

அரையாண்டு மார்க் வந்தது. அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். மார்க்கைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கவலையெல்லாம் புத்தகத்தைப் பற்றி. ஏற்கெனவே வகுப்பில் ஒருமுறை அதோடு பிடிபட்டிருந்தேன். “பாடத்தை விட்டுட்டு இன்னொரு தடவை இதைப் படிச்சேன்னு தெரிஞ்சுது, பப்ளிக் முடியற வரைக்கும் என் பீரோவுலதான் இருக்கும்” என்று டீச்சர் எச்சரித்திருந்தார். புத்தகம் என் பையில் இருந்தது. கடைசி அத்தியாயம் பாக்கி.

டீச்சர் மார்க் ஷீட்டை நீட்டினார். அம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கி மரியாதையாகப் பார்த்தாள்.

“வீட்ல புக்கையே தொடறதில்லையாம்மா?”

“தொடறாளுங்க டீச்சர். சத்தமா படிக்கிறாளுங்க. நான் கேட்டுக்கினேதான் இருப்பேன்.”

டீச்சருக்கும் காலையிலிருந்து பெற்றோர்களிடம் பேசிப் பேசித் தொண்டை வற்றியிருந்தது. “அப்படியா? என்ன படிக்கிறா? நீங்களே சொல்லுங்க பார்ப்போம்.”

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. நேராக நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“இந்த நெலக்கரி இருக்குது பாருங்க டீச்சர், அது ஒருகாலத்துல மரமுங்க. பெருங்காடு. அது மேல மண்ணு மூடி, மறுபடியும் மூடி, அமுங்கி அமுங்கிக் கரியாப் போச்சு. அதுக்குங் கீழ தண்ணி நிக்குதுங்க. சும்மா நிக்கல, மேல வரணும்னு முட்டிக்கினு நிக்குது. மோட்டாரு வெச்சி எறைச்சிக்கினே இருக்கணும். நிறுத்தினா மைன்ஸே முங்கிப்பூடும்.”

எனக்கு அந்த இடத்திலேயே காடாகி, கரியாகி, மண்ணுக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

“இதுல ஒரு வரிகூடப் பாடத்துல இல்லம்மா” என்ற டீச்சர் என் பக்கம் கையை நீட்டினார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புத்தகம் பீரோவுக்குள் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டாள். “அந்தத் தண்ணி கடைசில என்னாடி ஆவுது?”

“யாருக்குத் தெரியும்? அதான் புடுங்கி வெச்சிக்கினாங்களே. எது பாடம், எது பாடமில்லன்னுகூடத் தெரியாம அப்படியே ஒப்பிச்சிட்டு வர்றியே!”

“ஏன் தெரியாது? பாடம்னா ஒரே வரிய மாவாட்டற மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லுவ. இது நிக்காம போய்க்கினே இருக்கும். மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சேவா சொன்ன? எதுக்கும்மா?”

“அவங்க கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சிது, சொன்னேன்.”

இவ்வளவு எரிச்சலான காரணத்தை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பிறகு அந்தப் புத்தகம் கைக்கு வந்தது. எங்கள் வம்சத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிக்குப் போய், நிலவியலே படித்து, அந்தத் தண்ணீரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சையும் எழுதிவிட்டேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் மட்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் அம்மா கட்டிய கைகளைப் பிரிக்காமலே வந்தாள். வண்டி குலுங்கும்போதுகூடக் கம்பியைப் பிடிக்கவில்லை. ஒரு டீச்சர் அவளைப் பார்த்துக் கேள்வி கேட்டது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை. நானோ, விழுந்து தொலைக்கப்போகிறாளே என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன்.