நிற்கிற குதிரை

என் கணவர் எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். ஆவடித் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் அவருக்கு வேலை. வருகிற இரும்புச் சாமானை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. முருங்கைக்காயைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் சமையலறைக்குள் விடுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதரைக் குதிரைப் பந்தயப் பைத்தியம் பிடித்தது எப்படி என்று கேட்டால், அவர் அதைப் பைத்தியம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். அதுவும் சோதனைதானாம். எந்தக் குதிரைக்குப் பச்சை, எந்தக் குதிரைக்குச் சிவப்பு என்று கண்டுபிடிப்பதாம். ரேஸுக்கு முந்தின சாயங்காலம், பக்கத்து வரிசைக் குவார்ட்டர்ஸிலிருந்து அவருடைய சிநேகிதர் வந்துவிடுவார். இவரோடு ஒரே பிரிவில் வேலை செய்கிறவர். இரண்டு பேரும் ரேஸ் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தோற்றார்கள். போன தடவை என்ன தூரம், எவ்வளவு எடை சுமந்தது, ஜாக்கி யார், மழை பெய்த மண்ணில் ஓடுமா, அப்பன் குதிரை யார், ஆத்தாள் குதிரை யார் என்று போகும். எங்கள் கல்யாணத்துக்கு என் குடும்பத்தில் ஒரு தலைமுறைதான் விசாரித்தார்கள். குதிரைக்கு மூன்று தலைமுறை விசாரித்தார்கள்.

இவ்வளவு விசாரித்தும் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். தோற்ற அன்றைக்கு மண்ணின்மேல் பழி, ஜாக்கியின்மேல் பழி. புத்தகத்தின்மேல் மட்டும் பழி வராது.

நான் காப்பி கொடுத்துவிட்டு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், ஆத்திரமாகவும் இருக்கும். ஏனென்றால் நான் குதிரையோடு வளர்ந்தவள். என் அப்பா ஜட்கா ஓட்டினார். கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு நடுவில் ஒரு தட்டிதான். தட்டிக்கு அந்தப் பக்கம் குதிரை, இந்தப் பக்கம் நாங்கள். அது தும்மினால் அம்மா இந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்பாள்.

என்னை ஆவடியில் கட்டிக்கொடுத்த பிறகு அப்பா அம்பத்தூர் ஸ்டேஷனை விட்டுவிட்டு, வண்டியை ஆவடி ஸ்டேஷனுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே சவாரி அதிகம் என்று எல்லாரிடமும் சொன்னார். என்னை அடிக்கடி பார்க்கலாம் என்பதுதான் காரணம். என் கணவருக்கு அதுவே பெரிய பேஜாராகிவிட்டது. தொழிற்சாலையில் அவர், மாமனார் 'டிரான்ஸ்போர்ட் லைனில்' இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார். கேட்டவர்கள் நாலைந்து லாரியாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். அதனால் ரயிலை விட்டு இறங்கினால் ஜட்கா ஸ்டாண்டு இருக்கிற பக்கம் வரவே மாட்டார். பின்பக்கமாகத் தண்டவாளத்தைத் தாண்டி, முள்வேலிக்குள் குனிந்து வந்து, வேட்டியைக் கிழித்துக்கொண்டு வீடு சேருவார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அப்பாவின் வண்டியில் ஒருநாள்கூட ஏறியதில்லை. அப்பா இதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் புது மெத்தை தைத்துப் போட்டு, "மாப்ள வந்தா குந்தட்டும்" என்பார். அதைக் கேட்ட அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாக வைப்பேன். வேறென்ன செய்ய?

ஒருநாள் சைதாப்பேட்டையில் ஒரு கல்யாணம். சிநேகிதரும் வந்திருந்தார். பந்தி முடிந்து வெளியே வந்ததும் இரண்டு பேரும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு ரேஸ் நாள். கிண்டி பக்கத்தில்தான்.

"அஞ்சு நிமிஷம் எட்டிப் பாத்துட்டுப் பூடலாம்" என்றார் என் கணவர்.

இப்படித்தான் பட்டுப் புடவையும், கையில் தேங்காய் போட்ட தாம்பூலப் பையுமாக நான் ரேஸ் மைதானத்துக்குப் போனேன். ஓடுவதற்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுகிற இடத்துக்கு, கம்பி ஓரமாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் இரண்டு பேரும் குதிரையைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தார்கள். நான் குதிரையைப் பார்த்தேன். எவ்வளவு அழகு! எண்ணெய் தேய்த்த மாதிரி உடம்பு. ஆனால் எல்லாம் ஒரே துள்ளல். ஒன்று வாயில் நுரை தள்ளியது, ஒன்று பிடித்தவனை இழுத்துக்கொண்டு ஓடியது.

அப்பா எப்போதும் சொல்வார்: "கண்ணு, ஓட்றது இன்னா பெரிய விசயம்? அட்ச்சா கய்த கூட ஓடும். இன்ஜின் ஊதிக்கினு வர்றப்போ எது அசையாம நிக்குதோ, அதான் குதிர."

அந்தச் சமயம் பார்த்து, மீனம்பாக்கத்துக்கு இறங்கப் போகிற விமானம் ஒன்று தலைக்குமேல் தாழ்வாக வந்தது. அத்தனை குதிரையும் மிரண்டு பின்னங்காலில் எழும்பின. ஏழாம் நம்பர் மட்டும் நின்றது. நெற்றியில் விபூதி இழுத்த மாதிரி வெள்ளைக் கோடு, முன்னங்கால் ஒன்று வெள்ளை. அது விமானத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, குனிந்து புல் கிடைக்குமா என்று தேடியது.

"ஏழுல கட்டுங்க" என்றேன்.

"சும்மா இருமே. அது ஒரு ரேஸ்லகூட முன்னால வந்ததில்ல. உனக்கு இன்னா தெரியும்?" என்றார் என் கணவர்.

ஆறு வருஷம் அடக்கி வைத்தது அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிட்டது. "இன்னா தெரியுமா? எங்க நைனா முப்பது வருசமா ஜட்கா ஓட்றாரு. ஆவடி ஸ்டேஷன்ல கீறாரு. போய்க் கேட்டுப் பாருங்க, குதிரையப் பத்தி எங்களுக்கு இன்னா தெரியும்னு!" என்றேன். கம்பி ஓரமாக நின்ற பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

என் கணவரின் முகம் சிவப்புப் புள்ளி வைத்த சாமான் மாதிரி ஆகிவிட்டது. சிநேகிதர் கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ தலையில் அடித்துக்கொண்டார்.

"டேய் மச்சான்! ஊட்லயே இம்மாம் பெரிய ஆள வச்சிக்கினு, இத்தினி வருசமா பொஸ்தகத்தப் படிச்சிக்கினு கீறியே! தங்கச்சி, நீ சொல்லும்மா. ஏழா?"

"ஏழுதாண்ணா."

இருந்ததையெல்லாம் ஏழில் கட்டினார்கள். கட்டுவதற்கு முன் சிநேகிதர் என் பையிலிருந்த தேங்காயை எடுத்து ஏழாம் நம்பர் இருந்த திசையைப் பார்த்துச் சுற்றினார். உடைக்கத்தான் இடமில்லை.

ரேஸ் தொடங்கியது. மணி அடித்ததும் எல்லாக் குதிரையும் பாய்ந்தன. ஏழாம் நம்பர் நின்றது. அசையாமல், மிரளாமல், அப்பா சொன்ன அதே இலட்சணத்தோடு நின்றது. ஜாக்கி என்ன சொன்னானோ, பிறகு மரியாதைக்காக ஓடத் தொடங்கியது. முதல் குதிரை எல்லையைத் தாண்டி, ஜனங்கள் கூச்சல் போட்டு ஓய்ந்து, பக்கத்திலிருந்தவர் வேர்க்கடலை வாங்கி உரிக்கத் தொடங்கியபோது எங்கள் குதிரை வந்து சேர்ந்தது. அதற்குக் கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை.

என் தப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் ரேஸுக்குக் குதிரை பார்க்கவில்லை, ஜட்காவுக்குப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை யாரிடம் சொல்வது? மாமனார் ஜட்கா ஓட்டுகிறார் என்பது மறுநாளே தொழிற்சாலைக்குத் தெரிந்துவிட்டது. மகள் சொன்ன குதிரை கடைசியாக வந்ததும் கூடவே தெரிந்துவிட்டது. அவர் மூன்று மாதம் என்னோடு சோறு, தண்ணீர், சட்டை என்று மூன்று வார்த்தைதான் பேசினார். முள்வேலி வழியை மட்டும் விடவில்லை.

பிறகு ஒருநாள் கறிகாய் வாங்க ஸ்டேஷன் பக்கம் போனேன். அப்பாவின் வண்டியில் புதுக் குதிரை பூட்டியிருந்தது. பழைய குதிரைக்கு வயதாகிவிட்டதால் மாற்றியிருந்தார். நெற்றியில் விபூதிக் கோடு, முன்னங்கால் ஒன்று வெள்ளை. அதே ஏழாம் நம்பர்!

"ரேஸ்ல ஓடிக்கினு இருந்துச்சாம் கண்ணு. ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லன்னு தள்ளி உட்டானுங்க. பைத்தியக்காரப் பசங்க! தங்கம் மே இது, தங்கம்!" என்றார் அப்பா.

நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அந்த மூன்று வார்த்தையும் போய்விடும்.

ஒரு வாரம் கழித்து ஒரு காலையில், நேரமாகிவிட்டதே என்று ஸ்டேஷன் வழியாகப் போன என் கணவரின் சைக்கிள், ஸ்டேஷனுக்கு எதிரே பஞ்சர். தொழிற்சாலையில் முதல் சங்கு ஊதிவிட்டது. இரண்டாம் சங்கு ஊதினால் கேட்டை மூடிவிடுவார்கள். சோதனைப் பிரிவில் இருந்துகொண்டு நேரம் தவறினால் அவருக்கு மானம் போனதற்குச் சமம். ஸ்டாண்டில் ஒரே ஒரு வண்டி நின்றது. அப்பாவுடையது.

நடந்ததை அப்பா எனக்குச் சொன்னார். மாப்பிள்ளை ஏறிப் புது மெத்தையில் உட்கார்ந்தாராம். ரயில்வே கேட்டை அடைத்திருந்தார்களாம். இன்ஜின் ஊதிக்கொண்டு வந்ததும் முன்னால் நின்ற மாட்டு வண்டிகள் மிரண்டு, ஒன்றோடொன்று சிக்கி, வழியை அடைத்துக்கொண்டன. நம் குதிரை நின்றது. கேட்டு திறந்ததும், இரண்டு வண்டிக்கு நடுவில் இருந்த சந்தில், உரசாமல் கொள்ளாமல் அது நிதானமாக நுழைந்து போய்விட்டது. இரண்டாம் சங்கு ஊதும்போது மாப்பிள்ளை தொழிற்சாலைக் கேட்டுக்கு உள்ளே இருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் பழைய ரேஸ் புத்தகத்தைத் தேடி எடுத்துப் புரட்டினார். பிறகு கேட்டார்: "அது ஏழாம் நம்பர்தானே?"

"ஆமா."

"கொள்ளு வச்சா துன்னுமா?"

ஆறு வருஷத்தில் அவர் என் அப்பா வீட்டு விஷயமாகக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கொள்ளு எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அடுத்த ரேஸுக்கு என்னை அவர்களாகவே கூட்டிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாம் நம்பரைக் காட்டினேன். அது கடைசிக்கு முந்தினதாக வந்தது. என் கணவர் புத்தகத்தைத் திறந்து, மூன்றுக்கு நேரே பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டார்.

ஆவடியில் இறங்கியதும் வழக்கம்போல் முள்வேலிப் பக்கம் திரும்புவார் என்று நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பவில்லை. நேராக ஜட்கா ஸ்டாண்டுக்கு நடந்தார். அங்கே தொழிற்சாலை ஆட்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "மாமா, பக்கத்து வண்டி அண்ணாத்தைக்கு ஒரு குதிர வோணும்னு சொன்னீங்களாமே? உங்க பொண்ணு ஒண்ணு பாத்து வச்சிக்கினு கீது. இன்னும் ரெண்டு ரேஸ் தோத்துச்சின்னா நம்ம கைக்கு வந்துரும்" என்றார்.

அப்பா தோள் துண்டால் மெத்தையைத் தட்டோ தட்டென்று தட்டினார். என் கணவர் என்னைப் பின்னால் மெத்தையில் ஏற்றி உட்காரவைத்தார். அவர் முன்பக்கம் போய், அப்பாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.