மழையை மடியில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு

ஒரு சீசா மழையோடு பஸ் ஏறியவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேரோ தெரியாது. நான் ஏறியிருக்கிறேன். 1956 ஐப்பசி, ஒரு சனிக்கிழமை. அப்போது வல்லத்திராக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். பள்ளிக்கூட மைதானத்தில் சர்க்கார் மழைமானி ஒன்று இருந்தது. தினமும் காலை எட்டரைக்கு அதை அளந்து, கார்டில் எழுதிப் புதுக்கோட்டை அலுவலகத்துக்கு அனுப்புவதும் என் வேலைதான்.

மழைமானி என்றால் பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. ஐந்து அங்குல வாய் உள்ள புனல், அடியில் ஒரு பெரிய சீசா, அவ்வளவுதான். சீசாவில் சேர்ந்ததைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் எத்தனை அங்குலம், எத்தனை சென்ட் என்று தெரிந்துவிடும். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். இதில் தப்பு வர என்ன இருக்கிறது? ஆனால் அதற்கு முந்தின மாதம் நான் 2.84 என்று எழுதியதை அலுவலகத்தில் அடித்து 0.28 ஆக்கிவிட்டார்கள். டவுனில் தூறல்கூட இல்லாத நாளில் எங்கள் ஊரில் மட்டும் கிட்டத்தட்ட மூன்று அங்குலம் பெய்யுமா, டீச்சரம்மா புள்ளியை மாற்றிப் போட்டிருப்பார் என்பது அவர்கள் தீர்ப்பு. இன்னொரு தடவை இப்படி வந்தால் மழைமானியை வேறு ஊருக்கு மாற்றிவிடுவதாகக் கடிதம் வேறு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளைகளுக்குத் தசமப் புள்ளி சொல்லித் தருகிறவளே நான்தான்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டு கொட்டென்று கொட்டியது. டவுன் பக்கம் மட்டும் வானம் வெளுத்துக் கிடந்தது. சரி, மறுபடியும் வம்புதான் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் அளந்தால் 3.96. சிந்தாமல் சீசாவிலேயே திரும்ப ஊற்றி, கார்க்கு போட்டுத் துணி சுற்றினேன். மழைமானிக்குள் வேறு சீசா வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒன்பதேகால் பஸ். டவுனுக்கு ஒன்பது மைல், டிக்கெட் நாலரை அணா. கண்டக்டர் நல்ல மனுஷர்.

"சீசாவ மேல ஏத்திருவோங்களா டீச்சர்?"

"வேண்டாங்க, மடியிலயே இருக்கட்டும்."

ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பாதி வழியில் மதுவிலக்குச் சோதனை. ஏறிய போலீஸ்காரரின் கண் நேரே என் மடிக்குத்தான் வந்தது.

"சீசாவுல என்னம்மா?"

"மழைங்க."

"எங்கிட்டு காய்ச்சுன மழை?"

பஸ் முழுக்கச் சிரித்தது. மோந்து பாருங்கள், ஊற்ற மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் கேட்டால்தானே. உள்ளங்கை நிறைய ஊற்றி, மோந்து, குடித்தும் பார்த்துவிட்டார். "சப்புன்னு இருக்கு" என்று குறை வேறு. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அழவில்லை. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து நீட்டினேன்.

"ஒரு உள்ளங்கை எடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"தண்ணிக்கா?"

"சர்க்கார் தண்ணிங்க."

"போட்டுக் குடுத்துருங்க ஏட்டையா. டீச்சர் விடமாட்டாங்க, பஸ் லேட்டாகுது" என்றார் கண்டக்டர். போட்டுக் கொடுத்தார்.

பத்தேகாலுக்கு டவுன். ஸ்டாண்டிலிருந்து அலுவலகத்துக்குக் கால்மணி நேர நடை. அதிகாரி நடுத்தர வயதுக்காரர். 3.96 என்று எழுதிய கார்டையும் சீசாவையும் மேஜைமேல் வைத்து, "நேத்து பேஞ்ச மழைங்க சார். ஒங்க குவளையிலயே அளந்து பாருங்க" என்றேன்.

"டவுன்ல சொட்டுக்கூட இல்லையேம்மா. ஒம்பது மைல்ல நாலு இஞ்சு வித்தியாசமா?"

"வெயில்ல சூடேறுன தரையிலேர்ந்து ஈரக்காத்து மேல ஏறுதுங்க. ஏற ஏறக் குளுந்து, நீராவி துளியாகுது. துளியும் துளியும் சேந்து கனத்துப் போனா விழுது. அந்த மேகமே மூணு நாலு மைல் அகலந்தான். எங்க ஊருக்கு மேல வந்து கொட்டிருச்சு."

குவளையை எடுத்து அளந்தார். அரை அங்குல மழை பிடிக்கும் குவளை ஏழு தடவை நிறைந்தது. எட்டாவதில் நாற்பத்துநாலு சென்ட். ஆக 3.94.

"ரெண்டு சென்ட் கொறையுது."

போலீஸ்காரர் எழுதிய தாளைக் கொடுத்தேன். படித்தவர் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி, அதைக் குவளையில் விட்டுப் பார்த்தார். சரியாக இரண்டு சென்ட். ரிஜிஸ்தரில் 3.96 என்று எழுதினார்.

"போன மாசத் தண்ணி எங்க?"

"கருவேப்பிலைக்கு ஊத்திட்டேங்க."

ரிஜிஸ்தரில் முந்தின மாதப் பக்கத்தைத் திருப்பி, 0.28ஐ அடித்து, 2.84 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இதுக்குச் சீசா வேண்டாம் டீச்சர்" என்றார். டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமை இல்லை. மழைமானி எங்கள் ஊரிலேயே இருந்தது.

இந்த மாதிரிப் பயணம் போகிறவர்கள் கார்க்குக்கு மேல் அரக்கு வைத்துவிடுங்கள், நான் வைக்கவில்லை. வெயில் படாத பக்கமாக உட்காருங்கள். திரும்ப மூன்று மணிக்குத்தான் பஸ், ஆகவே சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

அலுவலகம் உங்களை நம்ப ஆரம்பித்துவிட்டால் இன்னும் ஜாக்கிரதை. இரண்டு வருஷம் கழித்து நான் நிஜமாகவே புள்ளியை மாற்றி, 0.32ஐ 3.20 என்று எழுதிவிட்டேன். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீச்சர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்படியே ஏற்றிவிட்டார்கள். மறுபடியும் நாலரை அணா... இல்லை, அதற்குள் நயா பைசா வந்துவிட்டது. டிக்கெட் வாங்கி, நானே போய் அடித்து எழுதிவிட்டு வந்தேன்.