மூன்றாவது கேமராவில் ஒரு கை

விராலிமலை பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஸ்டுடியோ மாடியில் உட்கார்ந்து கலைமதி பதினாறு வருஷமாகக் கல்யாணம் பார்க்கிறாள். ஒன்றில்கூட அவளுக்கு இலை போட்டதில்லை. கேமராக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுவதை வெட்டி ஒட்டிப் படமாக்குவது அவள் வேலை. முகூர்த்த மாதம் பிறந்தால் கண்ணெரிச்சலும் மணிக்கட்டு வலியும் கூடவே வந்துவிடும். வைகாசி முடிவதற்குள் நாதஸ்வரச் சத்தம் கேட்டாலே எரிந்து விழுவாள்.

மூன்று கேமராக் காட்சிகளையும் திரையில் பக்கம் பக்கமாக நிறுத்தி ஒப்பிட வேண்டும். மவுஸைத் தொடுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்; எல்லாம் கீபோர்டில்தான். ஸ்பேஸைத் தட்டினால் மூன்றும் ஓடும், நிற்கும். அம்புக்குறியைத் தட்டினால் காட்சி இமைக்கிற நேரத்தில் பாதியளவுகூட நகராது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எந்த எண்ணைத் தட்டுகிறாளோ அந்தக் கேமராவின் காட்சி படத்தில் நிற்கும். மற்ற இரண்டும் போனது போனதுதான்.

அன்று மத்தியானம் முத்துராஜ் கல்யாணப் படத்தை வெட்டிக்கொண்டு தாலி கட்டுகிற இடத்துக்கு வந்திருந்தபோது, மாப்பிள்ளையின் அக்கா சுகுணா மாடியேறி வந்தாள். ஆவுடையார்கோவிலிலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

“படம் முடிஞ்சிருச்சாங்கக்கா?”

“இல்லங்க. உக்காருங்க.”

அவள் உட்காரவில்லை. “மூணாவது முடிச்சு நான் போட்டேங்க. எங்க வீட்டுக்காரரு போயி எட்டு மாசந்தான் ஆகுது. பெரியப்பா மக போடணும்னுதான் பேச்சு. தம்பி என் கையப் புடிச்சு இழுத்துட்டான். அவளும் முன்னால நின்னு மறைச்சுக்கிட்டா. யாரும் பாக்கல. படத்துல வந்துச்சுன்னா, நாளைக்கு வந்த பொண்ணுக்கு ஒரு தலைவலின்னாலும் என் கையத்தான் சொல்லுவாக. எடுத்துருங்கக்கா.”

மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட, மூன்றாவதை நாத்தனார் போடுவது வழக்கம். புருஷனை இழந்தவளை மட்டும் கிட்டவே விடமாட்டார்கள். கூடப்பிறந்த பாசமெல்லாம் மேடைக்குக் கீழேதான்.

கலைமதிக்கு வாதாடத் தெம்பில்லை. ஒன்றைத் தட்டினாள். ஒரே பூவும் அரிசியும். இரண்டில் பெரியப்பா மகளின் முதுகு. மூன்றாவது, மணமகளுக்குப் பின்னால் நாற்காலிமேல் ஏறி நின்று எடுத்தது. அதில் வளையல் இல்லாத கை பளிச்சென்று தெரிந்தது.

“இதாங்க,” என்று சுகுணா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் எதையும் ஒரு தடவை பின்னால் ஓட்டிப் பார்க்காமல் கலைமதிக்கு வெட்ட வராது. அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் பின்னால் போனாள்.

“இங்கிட்டு பாருங்க,” என்றாள்.

கை வருவதற்கு முன்னால் மணமகள் அமுதவல்லி லேசாகத் திரும்பிப் பார்க்கிறாள். யாரென்று அவளுக்குத் தெரிகிறது. பிறகு தன் கையாலேயே சடையைத் தூக்கி ஒதுக்கி, கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கொடுக்கிறாள்.

“இன்னொருக்கா போடுங்க,” என்றாள் சுகுணா.

மறுபடி ஓடும்போது உட்கார்ந்து அழுதாள். “தெரிஞ்சேதான் குடுத்திருக்கா.”

கலைமதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலை நேரத்தில் அழுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கண்ணெரிச்சல் என்று சொல்லிக்கொண்டாள்.

“என்ன செய்யட்டுங்க?”

“இது எந்த நம்பருக்கா?”

“மூணு.”

சுகுணா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, தானே மூன்றைத் தட்டினாள்.