கைப்பிடி அரிசி

நடந்தது இவ்வளவுதான்:

1. புதன்கிழமை அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அடிக்கவில்லை.
2. வியாழக்கிழமையும் அடிக்கவில்லை.
3. வெள்ளிக்கிழமை அம்மா எங்கள் அரிசி டப்பாவை அந்த வீட்டுப் பாத்திரத்தில் கவிழ்த்தாள்.
4. ஞாயிற்றுக்கிழமை சபையே பார்க்க, அந்தக் காலி டப்பாவைப் பீடத்துக்குக் கொண்டுபோனேன்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கன்னட எல்லையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில், வீட்டுக்கு வீடு ஒரே சுவர் உள்ள வரிசை வீடுகளில் குடியிருந்தோம். யார் வீட்டுக் குக்கர் எப்போது கூவும் என்பது வரிசைக்கே தெரியும். அடுத்த வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த கணவன் மனைவி, ஒரு கைக்குழந்தை. வேலையிடத்தில் விரல் நசுங்கிக் கணவர் வீட்டில் படுத்திருந்தார். அழைத்து வந்த காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை.

எங்கள் சபையில் கைப்பிடி அரிசி என்றொரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று டப்பாவில் போட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு, போதகர் குடும்பப் பெயரைக் கூப்பிட்டதும் ஒருவர் எழுந்துபோய் பீடத்தின் முன்னிருக்கும் சாக்கில் அதைக் கொட்டுவார். அரிசி மாணவர் விடுதிக்குப் போகும். அந்த மாதம் முதன்முறையாக டப்பாவை என்னிடம் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். அதற்கென்றே ஒரு கவுன் தேய்த்துத் தொங்கியது.

வெள்ளிக்கிழமை குழாயடியில் அம்மா அடுத்த வீட்டு அக்காவிடம் கன்னடத்தில், "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டாள். சாப்பாடு ஆச்சா என்பதற்கு எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை அது.

"ஆய்த்து," என்றாள் அவள், குடத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஆவலை. பொய் சொல்றா," என்று வீட்டுக்குள் வந்ததும் சொல்லி, அம்மா டப்பாவை எடுத்தாள். எங்கள் அரிசி மூட்டையும் சம்பள நாள்வரை இழுத்துப் பிடித்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அது இயேசப்பா அரிசிம்மா!"

"இயேசப்பா ஞாயித்துக்கிழம வரைக்கும் பசி தாங்குவாரு கண்ணு. பால் குடுக்கறவ தாங்க மாட்டா."

ஞாயிறு காலை எங்களைக் கூட்டிப்போகப் பெரியம்மா வந்தாள். சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு அவள்தான் தலைவி. டப்பாவைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள்.

"என்னாடி இது, காத்தா? என் தங்கச்சி வூட்ல ஒரு மாசமா சோறே ஆக்கலியா? இரு, என் டப்பால இருந்து பாதி போட்டுக்கோ."

"வேணாங்க்கா. நீ புடிச்சு வெச்சத நான் புடிச்சதுன்னு எப்படிக் கொட்டறது?"

"அப்ப டப்பாவ வூட்டுலயே போட்டுட்டு வா. மானம் போவுது."

"பேரு கூப்டுவாங்க இல்ல? கூப்டா எந்திரிச்சுதான் ஆவணும். பாப்பா எடுத்துட்டுப் போவா."

பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட எனக்கு வாய் துறுதுறுத்தது. அம்மா என் தோளில் ஒரு அழுத்து அழுத்தினாள். அந்த அழுத்தலுக்கு எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான்.

பெயர் கூப்பிட்டார்கள். நடந்தேன். முன்வரிசைப் பிள்ளைகளின் டப்பாக்கள் சாக்கில் சரசரவென்று கொட்டிய சத்தம் இன்னும் காதில் இருந்தது. நான் கவிழ்த்தபோது அடியில் ஒட்டியிருந்த நாலைந்து அரிசி விழுந்தது. பின்னால் சிலர் களுக்கென்று சிரித்தார்கள். போதகர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மற்றவர்களுக்குச் சொன்ன அதே ஆசீர்வாதத்தை, ஒரு வார்த்தை குறைக்காமல், என் தலையில் கை வைத்துச் சொன்னார். திரும்பி வரும்போது அம்மாவைத்தான் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு நின்றிருக்கும், பெரியம்மாவும் எங்களோடு பேசிக்கொண்டே வீடு திரும்பியிருப்பாள். ஏன் சொல்லவில்லை என்பது அன்று எனக்குப் புரியவில்லை. சிரித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் வரிசைக்காரர்கள். மறுநாள் காலை அதே குழாயடியில் அந்த அக்காவும் அவர்களோடு குடம் வைத்து நிற்க வேண்டும். திங்கட்கிழமை அவள் நின்றாள், எப்போதும்போல. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா காப்பாற்றியது அதைத்தான்.

இப்போது நான் சூளகிரியில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பொறியாளர். டப்பா என் சமையலறையில் இருக்கிறது. இந்த மாதம் அது காலி. நாளை முதல் ஞாயிறு. பெயர் கூப்பிட்டால் எழுந்து போவேன்.