கருமாதிப் பத்திரிகையின் பின்பக்கம்

அடுத்த வருடத்து நாள்காட்டித் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிங் மிஷின் ஓட்டும் சுப்பையா அண்ணன் வந்து மேசையருகே நின்றார். சீசன் நேரத்தில் மிஷினை விட்டு நகராத மனிதர். "அண்ணாச்சி போயிட்டாகம்மா" என்றார். பிறகு, "மிஷின நிப்பாட்டிரவா?" என்று கேட்டார். அப்படி எதையும் நாங்கள் முதலாளியான அண்ணாச்சியைத் தவிர வேறு யாரிடமும் கேட்டதில்லை. அவரே போய் நிறுத்தினார்.

காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அதைக் கேட்டதும் எனக்குள் முதலில் வந்த எண்ணம், நல்லவேளை, ரோட்டில் இல்லை என்பதுதான். ஒரு மனிதர் இறந்த செய்திக்கு இது என்ன எதிர்வினை என்று அன்றைக்கே என்னை நான் கேட்டுக்கொண்டேன். அவரோடு கடைசியாகக் கழிந்த வருடங்கள் என்னை அப்படி ஆக்கியிருந்தன.

அச்சகச் சங்கத்தின் இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலர் அச்சகத்துக்காரர்கள். திருத்தங்கல் ராஜமாணிக்கம் அண்ணாச்சியை நீங்கள் கோபக்காரராக அறிந்திருப்பீர்கள். பட்டாசு லேபிளில் சிவப்பு ஒரு சாயல் மங்கினாலும் மொத்த லோடையும் திருப்பி அடிக்கச் சொல்கிறவர். யாரும் இல்லாத அறையில் மின்விசிறி ஓடினால் தெருவுக்கே கேட்கும்படி திட்டுகிறவர். பி.ஏ. தமிழ் முடித்துப் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு டிசைன் கற்றுக்கொண்ட என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "பண்டிதரம்மா" என்பார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. இந்த மனிதர் ஏன் தாலுகா அலுவலகத்தில் ஒரு பயமாக மாறினார் என்பதை நீங்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கலாம். முழுதாகச் சொல்ல நினைக்கிறேன்.

மடிப்பு வேலை பார்க்கும் பஞ்சவர்ணம் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள். அடிக்கடி தாமதமாக வருவாள். ஒருநாள் அண்ணாச்சி அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, ஆர்டர் நிக்கிது. நீ ஆடி அசைஞ்சு வாரே. உங்கூர்ல கோழியே பத்து மணிக்குத்தான் கூவுமோ?"

"கோழி சரியாத்தான் கூவுது அண்ணாச்சி. பஸ்ஸுதான் வரல. ரெண்டு ஊருக்கு முன்னாடியே திரும்பிப் போயிருது."

"அப்ப வேற வண்டியில வாரது."

"வேற வண்டின்னா சரக்கு ஏத்துற குட்டியானைதான். எந்தங்கச்சி அதுலதான் பட்டாசுக் கம்பெனிக்குப் போறா, மாடு ஏத்துன கணக்கா நின்னுக்கிட்டு. நானும் அப்படியே வந்திரவா?"

அண்ணாச்சி திட்டுவதை விட்டுவிட்டு உள்ளே போனார்.

சில வாரங்கள் கழித்து அந்தக் குட்டியானை, அவர்கள் ஊர்க் கண்மாய்க்கரை வளைவில் கவிழ்ந்தது. கரையில் தடுப்பு எதுவும் கிடையாது. சக்கரம் ஒரு முழம் விலகினால் பள்ளம்தான். சரக்கு ஏற்றும் வண்டியில் நின்றுகொண்டு போன பெண்கள் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்தார்கள். பஞ்சவர்ணத்தின் தங்கை மாரீஸ்வரி அடியில் இருந்தாள்.

நாங்கள் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனபோது சொந்தக்காரர்கள் உடலோடு சாலையை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். தாசில்தார் வந்தார். இளைஞர், வேறு மாவட்டத்துக்காரர். நல்லவராகத்தான் தெரிந்தார். "காலையிலும் சாயங்காலமும் ஊருக்குள் பஸ் வரும். இந்த வளைவில் தடுப்புச் சுவர் கட்டப்படும். இது என் வாக்கு" என்றார். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். உடலைத் தூக்க ஆள்கள் குனிந்தபோது அண்ணாச்சி எழுந்து போய் தாசில்தாரைக் கும்பிட்டார்.

"ஐயா, துட்டிக்கு வந்துட்டீக. பதினாறாம் நாள் கருமாதிக்கும் வந்திரணும். வந்து, சொன்னது என்னாச்சுன்னு சொல்லிட்டுப் போகணும்."

"பார்க்கலாங்க."

"பாக்கிறதுக்கு ஒண்ணுமில்லய்யா. துட்டிக்கு வந்தவுக கருமாதிக்கு வராட்டி எங்க பக்கம் அது முறையில்ல."

அன்று மாலையே என் மேசைக்கு வந்தார். "பண்டிதரம்மா, மாரீஸ்வரிக்குப் பத்திரிகை அடிக்கணும். முன்பக்கம் வழக்கம்போல. பின்பக்கம் அந்த ஆபீசர் சொன்னதப் போடு. அவரு சொன்ன வார்த்தையே இருக்கட்டும். உன் தமிழ அதுல சேக்காத."

"கருமாதிப் பத்திரிகையில இதெல்லாம் போடுவாகளா அண்ணாச்சி?"

"முன்பக்கம் செத்தவுகளுக்கு. பின்பக்கம் இருக்கிறவுகளுக்கு வேணும்லம்மா."

கறுப்புக் கரை கட்டிய அட்டையின் பின்பக்கத்தில் அந்த இரண்டு வரிகளையும், சொன்னவரின் பதவியையும் வைத்தேன். பத்திரிகை கொடுக்க அவரோடு நானும் போனேன். தாலுகா அலுவலகத்தில் தபால் வாங்கும் எழுத்தர் கறுப்புக் கரையைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"மேசையில வைக்காதீங்க அண்ணாச்சி. இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"மூலையில மஞ்சத் தடவிக் கொண்டாரட்டுமா?"

"வெளையாடாதீங்க. இத நான் எந்தத் தலைப்புல பதியிறது? போக்குவரத்தா, பொதுவா?"

"சாவுன்னு ஒரு தலைப்பு வச்சிருக்க மாட்டீகளா தம்பி?"

எழுத்தர் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக வருத்தப்பட்டவர்போல முத்திரையைக் குத்தினார்.

தாசில்தார் வந்தார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தவற்றில் இது மறந்துபோகிறது. பதினாறாம் நாள் பந்தலில் அவர் பஞ்சவர்ணத்தின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, திங்கட்கிழமையிலிருந்து பஸ் வரும் என்று சொன்னார். வந்தது. தடுப்புச் சுவருக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். பஞ்சவர்ணம் நேரத்துக்கு வேலைக்கு வந்தாள். அண்ணாச்சி அவளைத் திட்ட வேறு காரணம் தேட வேண்டியிருந்தது.

அந்தத் தாசில்தாருக்கு மாறுதல் வந்தது. பஸ்ஸும் ஒருநாள் அடியோடு நின்றுபோனது. கேட்கப் போனோம். பஸ் பணிமனையில் இருந்த மேலாளர், "கலெக்‌ஷன் இல்லைங்க அந்த ரூட்டுல" என்றார்.

"ஏறுறது பூராம் பொம்பளைக. பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாதுன்னு அரசாங்கம்தான சொல்லுச்சு? அப்புறம் கலெக்‌ஷன் எங்கன இருந்து வரும்?"

"அது கொள்கை முடிவு. இது ரூட் முடிவு. ரெண்டும் வேற."

"சாவுறது ஒரே ஆளுதானங்க" என்றார் அண்ணாச்சி. குரலை உயர்த்தவில்லை. லேபிள் நிறத்துக்காகக் கத்துகிற மனிதர், இந்த மாதிரி இடங்களில் மெதுவாகத்தான் பேசினார்.

பெண்கள் குட்டியானைக்குத் திரும்பினார்கள். அதே வளைவில் இன்னொரு வண்டி சரிந்து காளியம்மாள் என்கிற பெண் இறந்தார். அந்த வண்டி அண்ணாச்சியின் மைத்துனருடைய பட்டாசுக் கம்பெனிக்கு ஓடியது. எங்கள் அச்சகத்தின் லேபிள் வேலையில் பெரும்பகுதி அந்தக் கம்பெனியுடையது என்பதும் உங்களில் சிலருக்குத் தெரியும். புதிய தாசில்தாரும் சாலையில் நின்று அதே இரண்டு வாக்குகளைக் கொடுத்தார். அண்ணாச்சி அதே பத்திரிகையை அடிக்கச் சொன்னார். அச்சு ஏறிக்கொண்டிருக்கும்போது மைத்துனர் வந்துவிட்டார்.

"அத்தான், எங்க வண்டின்னு தெரிஞ்சுதான் அடிக்கிறீகளா?"

"உம்பேரு எங்கயாவது இருக்கா மாப்ளே? நல்லாப் பாத்துக்கோ."

"பேரு இல்லாட்டி என்ன, ஊரே எங்களத்தான சொல்லும்?"

"பின்பக்கம் வாக்குக் கொடுத்தவுகளுக்கு. நீயும் ஒரு வாக்குக் குடு. இனிமே சரக்கு வண்டியில ஆள ஏத்த மாட்டேன்னு சொல்லு. உம்பேரையும் போட்டுருவோம்."

மைத்துனர் வண்டியேறிப் போனார். அந்த வருடத்து லேபிள் ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போனது. அண்ணாச்சி ஒரு மிஷினை விற்றார். அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் தன் மனைவியிடம், எங்கள் மதினியிடம், என்ன பேசினாரோ தெரியாது. மதினியின் தம்பியான அந்த மைத்துனர் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தார்.

காளியம்மாளின் கருமாதிக்கு அதிகாரிகள் யாரும் வரவில்லை. ஒரு காவலர் மட்டும் வந்து, எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது பத்திரிகை, இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்விட்டு மனைவியோடு பைக்கில் திரும்பிய ஒருவருக்காக. அதே வளைவு. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியவர் பள்ளத்துக்குள் போய்விட்டார். இந்தத் தடவை சாலைக்கு வந்த அதிகாரி காரிலிருந்து இறங்கியதும் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. "அந்தப் பிரஸ்காரர் வந்திருக்காரா?" வந்திருக்கிறார் என்று தெரிந்தபின் கூட்டத்தைப் பார்த்து, "உங்கள் கோரிக்கை மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்படும். ஆவன செய்யப்படும்" என்றார். பஸ் என்றும் சொல்லவில்லை, சுவர் என்றும் சொல்லவில்லை. நாள் சொல்லவில்லை. இறந்தவரின் மனைவி கையில் கட்டோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று.

திருத்தங்கல் திரும்பியதும் அண்ணாச்சி சொன்னார்: "வாக்குத் தவறக் கூடாதுன்னு அவுகளுக்குக் காட்ட நெனச்சோம். வாக்கே குடுக்கக் கூடாதுன்னு படிச்சுக்கிட்டாக."

அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. முன்பெல்லாம் பொய்யாகவாவது ஒரு வாக்குக் கிடைத்தது. அந்தப் பெண்கள் அழுகையை நிறுத்திக் கேட்பதற்கு ஏதோ இருந்தது. அதையும் நாங்கள் பறித்துவிட்டோமா? அவரிடம் ஒருமுறை கேட்டேன். "பொய்யிக்கு அழுகை நின்னா என்ன, நிக்காட்டி என்ன" என்றார். அந்தப் பதிலில் அவருக்கே முழு நம்பிக்கை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த மூன்றாவது பத்திரிகையை டிசைன் செய்ய உட்கார்ந்தபோது, "பின்பக்கம் என்ன போட அண்ணாச்சி? அவரு ஒண்ணுமே சொல்லலையே" என்று கேட்டேன்.

"பழசையே போடும்மா. அது இன்னும் தீரல."

"பழைய தாசில்தார் மாறிப் போயிட்டாரே?"

"அவருதான மாறுனாரு. நாற்காலி அங்கனதான இருக்கு?"

இப்போது அண்ணாச்சியின் கருமாதி வந்தது. மகன் சென்னையிலிருந்து வந்திருந்தார். நல்ல பிள்ளை. "அப்பாவுக்காச்சும் ஒழுங்கா ஒரு பத்திரிகை அடிப்போம்க்கா. மாமா வாராங்க, சங்கத்துக்காரங்க எல்லாம் வாராங்க. பின்பக்கம் வெறுமையா இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அப்பா போன துக்கத்தில் மாமாவையாவது திரும்பப் பெற நினைத்தார். நான் மதினியைப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று பத்திரிகைகளைப் பற்றி அதுவரை என்னிடம் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை.

"வெறும் பின்பக்கத்தோட அவுக எந்தப் பத்திரிகைய அடிச்சாக?" என்றார் மகனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "எந்தம்பிக்கு உங்க கையால ஒண்ணு குடுத்திருங்கம்மா. தபால்ல போட வேண்டாம்" என்றார்.

பின்பக்கத்தில் பழைய வாக்குகளோடு அடித்து, கையில் கொடுத்தேன். மைத்துனர் முன்பக்கத்தைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கருமாதிக்கு வந்தார், ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார், சாப்பிட்டார், போனார். அவருடைய கம்பெனிக்கு இப்போதும் குட்டியானைதான் ஓடுகிறது.

தாலுகா அலுவலகத்துக்கும் போனேன். அதே எழுத்தர், கண்ணாடி போட்டிருந்தார். கறுப்புக் கரையைப் பார்த்து இந்தமுறை நாற்காலியைத் தள்ளவில்லை, கையிலேயே வாங்கினார்.

"அண்ணாச்சியா? எந்த ரோட்டுலம்மா?"

"வீட்டுலதான் சார்."

அவர் முகத்தில் ஒரு ஆறுதல் வந்ததைப் பார்த்தேன். எனக்கு வந்த அதே ஆறுதல்தான். பிறகு அட்டையைத் திருப்பினார்.

"இது பழசுல்லம்மா?"

"தீரல சார்."

முத்திரை குத்தினார். எந்தத் தலைப்பில் பதிந்தார் என்று நான் பார்க்கவில்லை.

அண்ணாச்சியின் நினைவாக என்ன வேண்டும் என்று மதினி கேட்டார். லேபிள் நிறம் பார்க்க அவர் வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் காட்டினார். அதை மகனுக்கே கொடுக்கச் சொன்னேன். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. என் கணினியில் 'வளைவு' என்ற பெயரில் அந்தப் பத்திரிகையின் கோப்பு. பெயர் வைத்தது அவர். சுவர் கட்டி முடிக்கிற அன்றைக்கு அதை அழித்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் சுப்பையா அண்ணனின் வண்டியில் அந்த வளைவு வழியாகப் போய் வந்தேன். கண்மாயில் தண்ணீர் ஏறியிருந்தது. கரை சுவரில்லாமல் அப்படியே இருந்தது. அச்சகத்துக்குத் திரும்பி வந்து கோப்பைத் திறந்து, முன்பக்கத்திலிருந்து அண்ணாச்சியின் பெயரை எடுத்தேன். அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. பின்பக்கத்தில் மாற்ற எதுவும் இருக்கவில்லை.