நாலாவது மைக்

எதையுமே நம்பாத ஒருவரை எந்த அளவுக்கு நம்பலாம்? அவரோடு பழகியவர்களுக்கெல்லாம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்திருக்கும். அவருடைய மனைவிக்கு அது அநேகமாகத் தினமும் வந்தது, காலையில், மாடியிலிருந்து கைதட்டல் கேட்கும்போது.

மாடி அறையின் ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று ஒரு தட்டுத் தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். நேற்றும் அதே அறைதான், முந்தாநாளும் அதே அறைதான். இருந்தாலும் கண் அசந்த நேரத்தில் சுவர் ஏதாவது செய்திருக்கும் என்பது அவர் எண்ணம். "ரூமை நம்பக் கூடாது. அதுக்கு வாய் இருக்கு. நாம ஒண்ணு சொன்னா அது ரெண்டாச் சொல்லும்" என்பார். கடன்காரனைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் சுவர்களைப் பற்றிப் பேசுவார்.

உடைந்த நாற்காலிகளும் பழைய பெட்டிகளும் போட்டுவைக்கக் கட்டிய அறை அது. கைகளை விரித்தால் இரண்டு சுவர்களையும் கிட்டத்தட்டத் தொட்டுவிடலாம். உயரமானவர்களின் தலைமுடியில் கூரையின் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். அதற்குள்தான் அவர் ட்ரம்ஸ் பதிவு செய்தார். ட்ரம்ஸுக்குப் பெரிய கூடம் வேண்டும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொன்னால், "கூடத்துல யாரு வேணா பண்ணலாம். அங்க பொய்யெல்லாம் தூரமா நிக்கும். இங்க மடியில வந்து உக்காந்துக்கும்" என்பார். அவர் மேதை என்று சொல்லிவிட முடியாது. அவரைவிட நன்றாகப் பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடம் கிடைக்காதவர்கள்தான் பெரும்பாலும் அவரிடம் வந்தார்கள். ஆனால் அவருடைய மாடியிலிருந்து வெளியே போன சத்தத்தில் கலப்படம் இருந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

வாசிக்க வருகிறவர்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் நூல்கண்டு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல்கண்டு இருக்கும். ட்ரம்ஸ் வாசிக்கிறவனின் இரண்டு முழங்காலுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் சின்ன ட்ரம்மின் நடுவில் நூலின் ஒரு முனையை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டியது மனைவியின் வேலை. மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் அவர் ஒரு மைக்கை நிறுத்துவார். பிறகு அதே நீளத்துக்கு இன்னொரு பக்கம் இழுத்து இன்னொரு மைக். "சத்தம் ரெண்டு பேரு கிட்டயும் ஒரே நேரத்துல போகணும். ஒருத்தன் முந்தி ஒருத்தன் பிந்திக் கேட்டா, ஒருத்தனை ஒருத்தன் தின்னுடுவான். அப்புறம் அடி எங்கன்னு தேடணும்." கூரை தாழ்வு என்பதால் மைக்கைத் தலைக்கு மேலே தொங்கவிட மாட்டார். ஒன்று வாசிக்கிறவனின் வலது தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். மற்றது எதிரே சற்று விலகி நிற்கும். மூன்றாவது, காலால் மிதிக்கும் பெரிய ட்ரம்முக்கு முன்னால். அவ்வளவுதான். "மூணுக்கு மேல வச்சா அது ரெக்கார்டிங் இல்ல, கட்டப்பஞ்சாயத்து."

ஒவ்வொரு ட்ரம்முக்கும் பக்கத்திலேயே ஒரு மைக்கை ஒட்டிவைப்பது அவருக்குப் பிடிக்காது. காதில் வந்து ரகசியம் சொல்கிறவனை எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் அந்த மைக்கையும் பார்த்தார். "அவ்வளவு கிட்டப் போனா தோலோட சத்தம்தான் கேக்கும். மனுஷன் கேக்க மாட்டான்."

இதையெல்லாம் அவருடைய கொள்கை என்று மற்றவர்கள் சொன்னார்கள். மனைவிக்கு அது மெத்தை விவகாரம். சுவர் வாயை மூட வைப்பதற்காக வீட்டின் ஒரே இரட்டை மெத்தையை மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். போர்வைகள் கூரையில். தலையணை பெரிய ட்ரம்மின் வயிற்றுக்குள். அவள் மருந்துக்கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள்.

"என்னங்க, இன்னிக்காவது மெத்தையைக் கீழ கொண்டாங்க. தரையில படுத்து முதுகு பலகையாயிடுச்சு."

"நாளைக்கு ஆள் வராங்க. அந்தச் சுவரு சும்மா இருக்காது."

"நல்லாயிருக்கு. சுவருக்கு மெத்தை, எனக்குத் தரை."

அவள் மூன்று நாள் சண்டை போட்டால் நாலாம் நாள் மெத்தை இறங்கும். அதுவும் அவள்தான் இறக்க வேண்டும்.

மனிதர்களையும் அவர் சுவரைப் போலத்தான் கேட்டார். அவருடைய அக்கா தொலைபேசியில் "நல்லா இருக்கேன்டா" என்று சொன்னால், "இல்ல, குரல் மூக்கால வருது. அழுதிருக்கே" என்பார். பாட வந்த பெண்ணிடம் அவள் அப்பா பக்கத்தில் நிற்கும்போதே, "மேல போறப்ப தொண்டை பயப்படுது. பயிற்சி பண்றதா வீட்ல பொய் சொல்றியாம்மா?" என்று கேட்டவர். எந்தப் பதிவையும் அவர் அழித்ததில்லை. தப்பாக வாசித்தது, நடுவில் இருமியது, குச்சி உடைந்தது எல்லாம் பெட்டி பெட்டியாக இருந்தன. "இன்னிக்கு இருக்கிற என் காதை நாளைக்கு என் காது நம்புமோ என்னவோ" என்பது அதற்குக் காரணம்.

மாடிப்படியில் காலடி கேட்டாலே யார், எதற்கு வருகிறார் என்று சொல்லிவிடுவார். அன்றும் சொன்னார். "கீபோர்டுக்காரர். குதிகால் முதல்ல விழுது. ஏதோ மனசுல வச்சுக்கிட்டு வர்றார்."

கீபோர்டுக்காரர் ஒரு இசைக்குழுவை நடத்துகிறவர். அந்தக் குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பது இவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. சில மாதங்களுக்கு முன் அவன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கூடிவிட்டதா என்று தம்பியைக் கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவான். சின்ன வயதிலிருந்தே அந்தக் குச்சிகளைத் தவிர வேறு எந்தத் தொழிலையும் தொட்டிராதவன்.

"மச்சினன் கையில எனக்கு ஒரு சந்தேகம்ணே" என்றார் கீபோர்டுக்காரர், டீயை ஊதிக்கொண்டே. "இடது கை பட்டும் படாம விழுதோன்னு இருக்கு. மேடைக் கூச்சல்ல ஒண்ணும் புரிய மாட்டேங்குது. உங்க ரூம்ல ரெண்டு பாட்டு அடிக்கட்டும். சரியா இருந்தா இந்த சீசன் பூரா அவன்தான். இல்லேன்னா தானா அடிக்கிற பொட்டி ஒண்ணு வந்திருக்கு, அதை வச்சு ஓட்டிக்கிறேன்."

"சரி."

"வேற எடத்துலயும் பண்ணலாம். ஆள் தெரிஞ்சவன்னு எதையாவது பூசி மெழுகிடுவாங்க. நீங்க சொந்தமா இருந்தாலும் பொய் சொல்ல மாட்டீங்க."

"சத்தம் என்ன சொல்லுதோ அதுதான்" என்றார் அவர்.

உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் அந்தப் புகழ்ச்சியைக் கேட்டதும் குழாயை மூடினாள். தம்பிக்குப் பொறி வைக்க வந்த மனிதன், பொறியாக அவள் கணவனையே தேர்ந்தெடுத்திருக்கிறான்.

கீபோர்டுக்காரர் போனதும் கேட்டாள். "அவன் கை எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும்ல?"

"கேட்டாத்தான் தெரியும்."

"கேட்டுட்டு?"

அவர் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பதிவுக்கான காலை அவள் கடைக்கு லீவு சொல்லியிருந்தாள். தம்பி வருவதற்கு முன்பே மேலிருந்து குரல் வந்தது. "டார்ச் எடுத்துக்கிட்டு வா." போய்ப் பார்த்தால், மனிதர் ட்ரம்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார், வண்டிக்கு அடியில் மெக்கானிக் மாதிரி. மூன்று மைக்கும் அதனதன் இடத்தில் நின்றன. அவர் கையில் கட்டைவிரல் அளவுக்கு நாலாவதாக ஒன்று. சின்ன ட்ரம்மின் அடிவயிற்றுக்குக் கீழே, அடித்தோலை ஒட்டிக் கிடந்து லேசாகத் தொட்டாலும் சிலிர்க்கிற கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில், அதைக் கறுப்பு நாடாவால் கட்டிக்கொண்டிருந்தார். அப்படி ஒன்று வீட்டில் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"இது எதுக்குங்க?"

"வெளிச்சத்தை இந்தப் பக்கம் காட்டு."

"பக்கத்துல மைக்கே வைக்க மாட்டீங்களே?"

"கீழ இருந்து கேக்கிறவனுக்கு எல்லாம் தலைகீழாத்தான் கேக்கும்" என்றார் அவர், தனக்குள் பேசுவது போல. "மேல இருந்து அமுக்குறது அவனுக்குத் தள்ளுற மாதிரி இருக்கும். அதைத் திருப்பிப் போட்டுக்கணும். டார்ச்சை நேராப் பிடி."

இடது கை விழுகிற இடம் அது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு கையை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்திக் கேட்கத்தான் இந்த ஏற்பாடு என்று அவள் முடிவு செய்துவிட்டாள். இத்தனை வருஷமும் மனுஷனைக் கேட்கவேண்டும் என்று சொன்னவர், சொந்த மைத்துனன் என்று வந்ததும் தோலைக் கேட்கக் கிளம்பிவிட்டார்.

தம்பி வந்தான். உட்கார்ந்தான். குனிந்து மிதிப்பலகையைச் சரி செய்தபோது அவன் கண்ணிலும் அது பட்டுவிட்டது.

"என்ன மாமா, மடிக்கு அடியில ஒற்றனைப் படுக்க வச்சிருக்கீங்க?"

"அதைப் பாக்காதே. அடி."

சிரித்தான். அக்காவைப் பார்க்கும்போது சிரிப்பு முகத்தில் இல்லை.

கதவுக்கு வெளியே நின்று அவள் கேட்டாள். சங்கீதம் அறியாதவள், ஆனால் மாத்திரை எண்ணுகிற கைக்கு ஒன்று குறைந்தால் தெரியும். வலது கை விழுந்தது. இடது கை, பூட்டிய வீடோ என்று சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டுகிறவன் போல, தொட்டுத் தொட்டுப் பார்த்தது. இரண்டாவது பாட்டில் சில இடங்களில் தொட்டதா என்றே தெரியவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்த தம்பி அவளைத் தாண்டிப் படியிறங்கி, கீழ்ப்படியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். இடது மணிக்கட்டை மடியில் வைத்து வலது கையால் மூடியிருந்தான்.

கீபோர்டுக்காரர் வந்தபோது மாடி நடையில் இருந்த மேசையில் பதிவைப் போட்டுக் காட்ட எல்லாம் தயாராக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டீயோடு வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். கதவுக்கு வெளியே அவள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொட்டுப் பார்த்த இடமெல்லாம் தட்டியது போல விழுந்தது. பட்டதா என்று தெரியாத இடங்களில்கூடக் கம்பிச்சுருள் சிலிர்ப்பது சன்னமாக, ஆனால் நேரம் தப்பாமல் கேட்டது.

கீபோர்டுக்காரர் கண்ணைத் திறந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. "ஏதாவது சேத்தீங்களாண்ணே?"

"நான் எதையும் சேர்க்கிறதில்ல."

அது உண்மைதான். அதில் இருந்த ஒவ்வொரு சத்தமும் தம்பியின் கையிலிருந்து வந்தது; நாலாவது மைக் அடியிலிருந்து அதைத் தூக்கிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

"எடது கை இப்படி விழும்னு நான் நினைக்கல. அந்தச் சின்ன ட்ரம்மை மட்டும் தனியாப் போடுங்க, ஒரு தடவை கேட்டுடறேன்."

மேசையில் கணவருடைய விரல் நாலாவது மைக்கின் குமிழுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கீழே இறக்கினால் போதும். கை எவ்வளவு தயங்கியது என்று ஊருக்கே தெரிந்துவிடும். டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமல் அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தனியா இல்ல" என்றார் அவர். "சின்ன ரூம்ல கிட்ட மைக் வைக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியாததா?"

கீபோர்டுக்காரர் எழுந்து கதவருகே போய் உள்ளே எட்டிப் பார்த்தார். மெத்தை, போர்வை, மூன்று ஸ்டாண்டு, ஒரு ஸ்டாண்டில் தொங்கிய நூல். குனிந்து பார்க்கவில்லை. இந்த மனிதர் சொன்னால் குனிந்து பார்க்கத் தேவையில்லை என்பதுதானே ஊர்ப்பேச்சு. "தெரியும், தெரியும்" என்று சிரித்தார். இறங்கும்போது தம்பியின் தோளைத் தட்டி, "பையைக் கட்டுடா, போற எடம் நிறைய இருக்கு" என்றது மேலே கேட்டது.

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்றுதான் முதலில் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் வேறொன்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு சுளுவாக, குரல் கொஞ்சமும் மூக்குக்குப் போகாமல், இந்த மனிதருக்குப் பொய் வருமா? வருமென்றால், இத்தனை காலம் இவர் இல்லை என்று சொன்னவற்றில் எத்தனை உண்மையிலேயே இல்லாதவை? தம்பிக்காகச் சொன்னாரா, அவளுக்காகவா? அல்லது கிட்டத்தில் கேட்பது சாட்சியே ஆகாது என்று வழக்கமாகச் சொல்வதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னாரா? அப்படியானால் அது பொய்யே இல்லை. ஆனால் அப்படியானால் எதற்காக அதைக் கட்டினார்?

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டுவிட்டாள். "மைக் இல்லன்னு சொன்னீங்களே?"

"உப்புக் கம்மியா இருக்கு" என்றார்.

சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனவரின் பின்னாலேயே, டம்ளர் எடுக்கிற சாக்கில் அவளும் போனாள். அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது; காதில் வைக்கவில்லை. திரையில் ஒரு மைக்குக்கு ஒன்றாக நாலு கோடுகள் ஓடிக்கிடந்தன. நாலாவதைத் தேர்ந்தெடுத்தார். நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று இயந்திரம் கேட்டது. இருமலைக்கூட அழிக்காத மனிதர் ஒரு விரலால் அமுக்கினார். இப்போது திரையில் மூன்று கோடுகள் இருந்தன. நாலாவது மைக் இல்லை என்று அவர் காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது.

ஏன் என்று அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் சொல்லவில்லை. அவளும் கேட்டுக் களைத்துவிட்டாள்.

அன்று அவள் கேட்காமலே அவர் எழுந்து அறைக்குள் போனார். சுவரில் சாய்ந்திருந்த மெத்தையைத் தனி ஆளாகத் தலைமேல் தூக்கிக்கொண்டு, படிப்படியாகத் தடவி இறங்கி, கட்டிலில் போட்டார். விரிப்பை உதறி விரித்து, அவள் படுக்கும் பக்கத்து மூலையை மட்டும் இழுத்து, சுருக்கம் இல்லாமல் செருகினார்.