அண்ணியின் வாயில் என் பேச்சு

எதிர்வீட்டம்மா டப்பாவும் கையுமாக எங்கள் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், என் வாய் சும்மா இருக்காது. "வந்துட்டா. வீட்ல ஆளில்ல பாரு, இவளுக்கு நம்ம வீடுதான் சினிமா" என்பேன். அவள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும், முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு இன்னொரு முறை சொல்வேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. மைசூரில் எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு பெரிய வசதி. கன்னடக்காரர் முன்னால் தமிழ், ஊரிலிருந்து உறவுக்காரர் வந்தால் கன்னடம். அப்பா ரயில்வே வேலைக்காக இங்கே வந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ரகசியம் பேச யாரும் கதவைச் சாத்தியதில்லை.

அண்ணி மட்டும் அந்த விளையாட்டுக்கு வரமாட்டாள். தமிழ்நாட்டு எல்லையோரக் கொள்ளேகாலில் பிறந்து வளர்ந்தவள், இரண்டு மொழியும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் யார் முன்னால் எதில் பேசினாலும் அவளுக்கு ஒரே பேச்சுத்தான். "அப்படிப் பேசாத அம்மிணி. புருசன் போன பொம்பளைக்குப் பொழுது போகோணுமல்லோ" என்று என் தொடையைக் கிள்ளுவாள். அந்த இழுவையைக்கூட நான் கேலி செய்திருக்கிறேன். அண்ணன் போன பிறகு மைசூரின் இந்த விஜயநகர் வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. எதிர்வீட்டில் ஆளில்லை என்று சொல்லிச் சிரித்த எனக்கு மட்டும் எந்த ஆள் காத்துக்கிடந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

போன வருடம் ஒரு காலையில், காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி அண்ணி அது என்ன என்று தெரியாதவள்போல் விழித்தாள். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். மூளையின் ஆழத்தில் தலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறதாம். கண்ணும் காதும் கொண்டுவருவது அதன் வழியாகத்தான் மேல் மூளைக்குப் போகிறது. எதை விடுவது, எதை நிறுத்துவது என்பதிலும் அதற்குப் பங்குண்டு. அங்கே ரத்த ஓட்டம் நின்று, அவரைக்கொட்டை அளவுக்கு இடம் பட்டுப்போயிருந்தது. புதிதாக நடப்பது மனதில் தங்காது, எந்த இடத்தில் எந்த மொழி என்பதும் குழம்பலாம் என்றார். அவரைக்கொட்டை அளவுக்கா இத்தனை பாடு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. என்னிடம் கன்னடத்தில் காபி கேட்பாள், காய்காரனிடம் தமிழில் பேரம் பேசுவாள். காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இருக்காது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, எதிர்வீட்டம்மா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்து, என் குரலில், என் சிரிப்போடு சொன்னாள்: "பந்துபிட்ளு. இவளிகெ மனேலி யாரூ இல்ல, நம்ம மனேனே சினிமா."

அட ராமா! வந்துட்டா, இவளுக்கு நம்ம வீடுதான் சினிமா என்று தன் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லாத பேச்சு. நான் சொல்லிச் சொல்லி அவளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. தடுத்து நிறுத்த வேண்டியது பழுதானதும், தமிழில் போனது கன்னடத்தில் வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டம்மாவின் கையில் டப்பா அப்படியே நின்றது. அந்த நிமிஷமே, அது என் பேச்சு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "தலே சரியில்ல அவரிகெ. மனஸிகெ ஹச்கோபேடி." அவளுக்குத் தலை சரியில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அண்ணி பக்கத்திலேயே இருந்தாள். அவள் முகம் சிவந்து தலை குனிந்தது.

எதிர்வீட்டம்மா நல்லவள், மறுநாளும் வந்தாள். அண்ணி மறுநாளும் சொன்னாள். நானும் அதே பதிலைச் சொன்னேன். நேற்று நடந்தது அண்ணிக்கு நினைவில்லை, ஆகவே தலை சரியில்லை என்பதை ஒவ்வொரு நாளும் அவள் புதிதாகக் கேட்டாள், புதிதாகக் கூசினாள். வாரக்கணக்கில் இப்படி நடந்தது. நான் ஒரு மனுஷியா?

பிறகு ஒரு நாள் கேட் சத்தம் கேட்டதும் அண்ணி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள். "ஏன் அண்ணி?" என்றேன். "தெரீலயே அம்மிணி. என்னமோ பேசீருவேன்னு இருக்குது." தமிழில், சரியாக என்னிடமே சொன்னாள். டாக்டரிடம் கேட்டேன். நடந்தது மறந்துபோனாலும், பட்ட பயமும் வெட்கமும் வேறு வழியாக உள்ளே தங்கிவிடலாம் என்றார். புதிதாக எதுவும் ஏறாது என்று சொன்ன அந்தத் தலையில் ஒன்றே ஒன்று ஏறியிருக்கிறது. அதுவும் நான் பட வேண்டிய வெட்கம்.

அண்ணி அந்தப் பேச்சைப் பேசாததில் எதிர்வீட்டம்மாவுக்கோ சந்தோஷம். "நோடி, எஷ்டு சுதாரிஸித்தாரே!" என்றாள், எவ்வளவு தேறிவிட்டார் பாருங்கள் என்று. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அது அண்ணியின் பேச்சே இல்லை, வருஷக்கணக்காக உங்கள் முன்னால் உட்கார்ந்து தமிழில் நான் சொன்னது என்று அவள் மொழியிலேயே சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, முழங்காலைத் தொட்டு, "மாதாடி அக்கா, ஏனாதரூ மாதாடி" என்றாள். பேசுங்கள், எதையாவது பேசுங்கள்.

நானும் போய் உட்கார்ந்து, "உங்க மேல ஒரு தப்பும் இல்ல அண்ணி, சொன்னதெல்லாம் நான்தான்" என்றேன். அண்ணி கவனமாகக் கேட்டாள், தலையாட்டினாள். மறுநாள் அதைத் திரும்பவும் சொன்னேன், அதற்கு மறுநாளும். இன்று காலையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும், "அதுக்கென்ன அம்மிணி, போகுது உடு" என்று என் கையைத் தட்டிக்கொடுக்கிறாள். கேட் சத்தம் கேட்டதும் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.